இருநூற்று ஐம்பத்திரண்டு கட்டங்கள்

நான் பொய் சொன்னது வாயால் இல்லை, பேனாவால். ஒரு நாளைக்கு மூன்று, வாரத்துக்கு இருபத்தொன்று, பன்னிரண்டு வாரத்துக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு. கணக்கில் நான் கெட்டி. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் விற்றவள். பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் யாருக்கு முட்டை, யாருக்குக் காரம் வேண்டாம் என்று தப்பாமல் கொடுத்தவள். தட்டைக் கழுவுமிடத்தில் வைக்காமலேயே வைத்துவிட்டேன் என்று ஓடுகிற பிள்ளையைக் கரண்டியோடு துரத்தி, “பொய் சொன்னா ரபியா ஆன்ட்டிக்குப் பிடிக்காது” என்று காதைத் திருகியவள். அந்த ரபியா ஆன்ட்டி அறுபத்தொரு வயதில் ஒரு தாளில் டிக் போட்டே ஒரு ஆஸ்பத்திரியை ஏமாற்றினாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது மடல் சுடுகிறது.

சரியாகச் சொல்லப்போனால், அதற்கு முன்னால் வாயாலும் ஒன்று சொல்லியிருக்கிறேன்.

வலி எனக்கு இடது தொடை இடுக்கில்தான் ஆரம்பித்தது. பாலிகிளினிக்கில் உட்கார்ந்திருந்த டாக்டருக்கு என் மகள் ஹனீன் வயதுகூட இருக்காது. ஆண்பிள்ளை வேறு. எங்கே வலிக்கிறது, கையை வைத்துக் காட்டுங்கள் என்றார். அந்த இடத்தில் கையை வைத்து அவருக்கு எப்படிக் காட்டுவது? முழங்கால் வரைக்கும் வலி இறங்கத்தான் செய்தது, அது பொய்யில்லை. அதனால் கையைக் கொண்டுபோய் முழங்காலில் வைத்துவிட்டேன்.

“முட்டிதான் டாக்டர்.”

அவரும் நம்பி முட்டிக்கு மருந்து கொடுத்தார். ஒரு வருஷம் முட்டிக்குத் தைலம் தடவினேன், முட்டிக்கு உறை மாட்டினேன், முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தேன். முட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நான்தான் நன்றாக இல்லை. பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடித்துத் தொங்கவேண்டியிருந்தது. தொழுகையில் ஸஜ்தாவுக்குப் போனால் எழ முடியாமல் நாற்காலிக்கு மாறினேன். கேன்டீன் கடையையும் விட்டேன். கடைசியில் ஒரு சீனப் பெண் டாக்டர் என்னைப் படுக்கச் சொல்லி, காலை மடக்கி மெதுவாகத் திருப்பினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களுக்கும் நோய் தெளிந்திருக்கும்.

முட்டி இல்லை, இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார் அவர். இவ்வளவு நாள் இந்த இடத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

தேய்மானம் நடுத்தரம்தானாம். பயப்பட வேண்டாம் என்று ஒவ்வொரு படியாக எடுத்துச் சொன்னார். முதலில் வலி மாத்திரை, வலது கையில் ஒரு கைத்தடி, எடையில் ஐந்து கிலோ குறைப்பு, அதோடு மூன்று மாதம் பிசியோ. இடுப்பைச் சுற்றியுள்ள தசை வலுத்தால் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும். என் நிலையில் இருக்கிற நிறையப் பேர் அதிலேயே சமாளித்துக்கொள்கிறார்கள். அதில் அடங்காவிட்டால் மூட்டுக்குள் ஒரு ஊசி. அதற்கும் அடங்காவிட்டால்தான் ஆபரேஷன்.

இப்படித்தான் நான் வைஷாலியிடம் போய்ச் சேர்ந்தேன். பிசியோ கொடுக்கும் பெண். இருபத்தேழு வயது, குதிரைவால் சடை, காலில் பச்சை நிற ஷூ. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஆறு பேரை ஒன்றாக வைத்து வகுப்பு எடுப்பாள். எனக்கு வீட்டில் செய்ய மூன்று பயிற்சி கொடுத்தாள். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது. ஒருக்களித்துப் படுத்து மேல் முட்டியைத் திறப்பது. நின்றுகொண்டு காலைப் பின்னால் நீட்டுவது. ஒவ்வொன்றும் பத்து முறை. மெத்தையில் கூடாது, தரையில் பாய் விரித்துத்தான் செய்யவேண்டும்.

கூடவே ஒரு தாளும் கொடுத்தாள். நாளுக்கு மூன்று கட்டம். செய்தால் டிக். செய்யாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் காரணம் எழுதவேண்டும்.

“உண்மைய மட்டும் எழுதுங்க ஆன்ட்டி. நான் திட்டமாட்டேன், ப்ராமிஸ்” என்றாள்.

உண்மையாகவே செய்ய வேண்டும் என்றுதான் முதல் நாள் பாயை விரித்தேன். மார்சிலிங்கில் எங்களுடையது மூவறை வீடு. ஒரு படுக்கையறை மகளுக்கும் மாப்பிள்ளை ரியாஸுக்கும், ஒன்று எனக்கு. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை; வாரத்தில் ஐந்து நாளும் வீட்டு ஹாலில் மேசை போட்டு, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். நான் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த இடத்தில் படுத்தேன். இடுப்பை ஆறு முறை தூக்கினேன். ஏழாவது முறை சுரீரென்று பிடித்துக்கொண்டது. எழப் பார்த்தேன். முடியவில்லை. புரளப் பார்த்தேன், ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் அலமாரி. ஃபோன் கட்டிலுக்கு மேலே கிடந்தது. இருபது நிமிஷம் அப்படியே கிடந்தேன். ஹனீன் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று தெரிந்தும் வாய் தன்பாட்டுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டது.

கதவு திறந்தது. “மாமி?”

நைட்டி முட்டிக்கு மேலே ஏறிக் கிடந்தது. தலையில் துணி இல்லை. மாப்பிள்ளை ஒரு நொடி நின்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, குத்துமதிப்பாகக் குனிந்து, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து என்னைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தார். அவருடைய ஹெட்செட்டில் யாரோ ஒருவர் எல்லாம் நலமா என்று ஆங்கிலத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

ஹனீனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷத்தில் மாப்பிள்ளை முன்னால் தலைத்துணி இல்லாமல் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அன்றைக்கு அழுதேன். வலிக்கு இல்லை. இரண்டு நாள் நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஹனீனிடம் நானும் சொல்லவில்லை, அவரும் சொன்னதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாயை நான் விரிக்கவே இல்லை. இரண்டு பயிற்சி செய்யாதவள் மூன்றாவதை மட்டும் செய்து என்ன கிழிக்கப்போகிறேன் என்று அதையும் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. தாள் காலியாக இருந்தது. காரணம் என்று என்ன எழுதுவது? மாப்பிள்ளை தூக்கினார் என்றா? எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக்கொண்டு போனேன்.

“ஆன்ட்டி! முழுசாவா? சூப்பர் லா!” என்று வைஷாலி கைதட்டினாள். மற்ற ஐந்து பேரும் தட்டினார்கள்.

அங்கேதான் நான் கெட்டேன். கைதட்டலை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்? அடுத்த வாரமும் போட்டேன். போகப்போக அதில் எனக்கு ஒரு தொழில் சுத்தமும் வந்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஒரு வாரத்தை ஒரே மூச்சில் நிரப்புவேன். ஒரே பேனாவில் போட்டால் தெரிந்துவிடும் என்று நீலம், கறுப்பு என்று மாற்றிப் போடுவேன். ஒரு டிக்கை அவசரத்தில் போட்டதுபோல் சாய்ப்பேன். ஒருமுறை தாளின் மூலையில் கொஞ்சம் தேநீர்கூடச் சிந்தவிட்டேன். அசல் மாதிரி இருக்கட்டும் என்று.

அந்த நாட்களில்தான் மாப்பிள்ளைக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. தினமும் சரியாகப் பதினோரு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். பதினொன்றரைக்குத்தான் வருவார். சிகரெட் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். என் தங்கை மைமூனிடம் ஃபோனில் அப்படித்தான் சொன்னேன். ஹனீன் காதிலும் ஜாடையாகப் போட்டேன். அன்று சாயந்திரம் அவர்கள் அறைக்குள் அவள் குரல் உயர்ந்தது. அவர் குரலே கேட்கவில்லை. மறுநாளும் பதினோரு மணிக்கு அவர் இறங்கிப் போனார். போகட்டும் என்று நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவியில் நாடகம் பார்த்தேன். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத அந்த அரை மணி நேரம் எனக்கு அத்தனை சுகமாக இருந்தது.

வகுப்பில் செல்லக்கண்ணு என்று ஒருவர் இருந்தார். புக்கிட் மேராக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். அவருக்கு வலது இடுப்பு. ஆனால் அவருக்கு இதயத்திலும் கோளாறு, இரண்டு முறை அடைப்பு எடுத்தவர். ஆபரேஷன் தாங்காது, பயிற்சியும் கைத்தடியும்தான் வழி என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்களாம்.

“உங்களுக்கெல்லாம் மூணு கதவு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா” என்று சிரிப்பார்.

அவருடைய தாள் பார்க்கக் கண்றாவியாக இருக்கும். பாதிக் கட்டம் காலி. ஓரத்தில் காரணம் எழுதியிருப்பார்: மழை. மகள் வந்தாள். கோழி வாங்கப் போனேன். சோம்பல். மறுபடியும் சோம்பல். வைஷாலி படித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொள்வாள். “அங்கிள், ரபியா ஆன்ட்டியப் பாருங்க!” அவர் என்னைப் பார்த்துக் கும்பிடுவார். “ரபியாம்மா, உங்க காலைத் தொட்டுக் கும்புடணும். எப்படித்தான் ஒரு நாள்கூட விடாம செய்யிறீங்களோ?” நான் தரையைப் பார்ப்பேன். அடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது வாரம் வைஷாலி என் தாளில் ஒன்றை நகலெடுத்துப் பெயரை மறைத்து, சுவரில் ஒட்டிவிட்டாள். என் டிக்கின் வால் நீளம் எல்லாருக்கும் தெரியும், பெயரை மறைத்து என்ன பயன்? அதற்குக் கீழே உட்கார்ந்துதான் செல்லக்கண்ணு அண்ணன் ஷூ கழற்றுவார். எட்டாவது வாரம் அவர் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு நாலு அடி தனியாக நடந்து காட்டினார். பாதிக் கட்டம் செய்தவர் நடந்தார். முழுக் கட்டம் செய்த நான் நொண்டிக்கொண்டிருந்தேன். வைஷாலிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வலி தாங்கவில்லை என்று மூன்றாவது வாரமே எனக்கு ஊசியும் போட்டிருந்தார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் போடுகிற ஊசி. இரண்டு நாளில் வலி மாயமாக மறைந்தது. இந்த ஊசி மூட்டைச் சரியாக்காது, வலியைத்தான் கொஞ்ச நாள் தள்ளிவைக்கும், அதற்குள் தசையை வலுப்படுத்திக்கொள்ளுங்கள் என்று வைஷாலி படித்துப் படித்துச் சொன்னாள். நான் என்ன செய்தேன்? கேலாங் செராயில் துணி எடுத்தேன். மைமூன் வீட்டுக்குப் போய் அறுபது பேருக்கு நெய்ச்சோறு ஆக்கினேன். திங்கட்கிழமை மத்தியானம் டிக் போட்டேன். ஐந்து வாரத்தில் வலி திரும்பி வந்தது, போன கோபத்தையும் சேர்த்துக்கொண்டு.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் சர்ஜனிடம் அனுப்பினார்கள். ஹனீன் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். இந்த அளவு தேய்மானம் பிசியோவிலேயே அடங்கியிருக்கவேண்டும் என்றார். பிறகு கோப்பில் இருந்த பன்னிரண்டு தாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. இவ்வளவு செய்தும் குறையவில்லை என்றால் ஆபரேஷன்தான் என்று முடிவு சொன்னார். தேய்ந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டுச் செயற்கையாக ஒரு பந்தும் கிண்ணமும் வைப்பார்களாம். மறுநாளே பிடித்துக்கொண்டு நடக்கவைப்பார்களாம். ஐந்து வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்.

“அதுக்கப்புறம் எக்ஸர்சைஸ் தேவையில்லதானே?” என்று ஹனீனை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னேன்.

அவர் சிரித்தார். அதற்கு அப்புறம்தான் அதிகம் என்றார். இதே மூன்றும் அதில் உண்டாம்.

வெளியே வந்ததும் ஹனீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. “உம்மா, நீங்க ஒரு நாளு விடாம செஞ்சீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.” நான் லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பில் விஷயம் தெரிந்தது. செல்லக்கண்ணு அண்ணன் பாதி மாட்டிய ஷூவோடு என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த என் தாளைப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு வாரமும் இல்லை.

“ஃபோன் பண்ணேன் ஆன்ட்டி” என்றாள் வைஷாலி. வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். “இனிமே வரமாட்டாராம். ‘அந்தம்மாவுக்கே கத்தின்னா எனக்கு இதுல என்ன ஆகப்போகுது’ன்னு கேக்குறாரு. அவருக்கு வேற ஆப்ஷனே இல்ல ஆன்ட்டி. இதையும் விட்டா வீல்சேர்தான்.” அவள் பச்சை ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு நெனக்கிறேன். உங்களுக்குக் குடுத்த எக்ஸர்சைஸே தப்போ என்னவோ. சீனியர்கிட்ட எல்லாத்தையும் திரும்பச் செக் பண்ணச் சொல்லியிருக்கேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். கதவுகூடச் சாத்தியிருந்தது. நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். நினைத்துப் பாருங்கள், தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்!

மறுநாள் தேக்காவுக்குப் போனேன். காலையில் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிவிட்டு, பக்கத்திலேயே உணவுக்கடைப் பக்கம் உட்கார்ந்து தேநீர் குடிப்பேன் என்று அண்ணன் ஒருமுறை சொல்லியிருந்தார். இருந்தார். கைத்தடி மடியில் கிடந்தது. மூன்று வாரத்தில் ஆள் பாதியாகத் தெரிந்தார். எழுந்து மரியாதை செய்யப் பார்த்தவருக்கு முதல் தடவை எழ முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே, வகுப்புக்கு வாங்கண்ணே” என்றேன்.

“எதுக்கும்மா? நீங்க சொன்னா அதுல அர்த்தம் இருக்கும், தெரியும். ஆனா எனக்கு மனசு விட்டுப்போச்சு. நான் பாதி நாளு ஏமாத்துறவன். நீங்க நேர்மையா செஞ்சவங்க. உங்களுக்கே இப்படின்னா…” என்று கையை விரித்தார். பிறகு எனக்குத் தேநீர் சொன்னார்.

அந்தத் தேநீரைக் குடித்தேன். சூடாக இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. குடித்து முடித்து, ஸலாமுக்குப் பதிலாக வணக்கம் சொல்லி, சொல்லவந்ததைச் சொல்லாமலேயே எழுந்து வந்தேன். ரயிலில் எனக்கு ஒரு பையன் இடம் கொடுத்தான். உட்காரவில்லை. கால் வலித்தது, வலிக்கட்டும் என்று மார்சிலிங் வரைக்கும் நின்றேன்.

வீட்டில் மாப்பிள்ளை சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், சிங்க்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மாமி, ஆபரேஷனுக்கு அப்புறமும் எக்ஸர்சைஸ் இருக்குன்னு ஹனீன் சொன்னா. ஒண்ணும் கவலப்படாதீங்க. எப்பவும் போல நான் பதினோரு மணிக்குக் கீழ போயிடுறேன். வேணும்னா ஒரு மணி நேரமாக்கூட ஆக்கிக்கலாம். நீங்க ஹால்லயே தாராளமா பாய் போட்டுச் செய்ங்க.”

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“அதுக்காகவா கீழ போனீங்க?”

“அன்னைக்கு நீங்க சங்கடப்பட்டீங்க. சொல்லிட்டுப் போனா இன்னும் சங்கடமாயிடும்னு சொல்லல.”

“ஹனீன் சண்ட போட்டாளே?”

“உங்க விஷயத்த அவகிட்ட எப்படி மாமி சொல்றது?”

பன்னிரண்டு வாரம். கீழே, எங்கள் அடுக்குமாடியின் அடித்தளத்தில், தூண்களுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சிமெண்டு மேசையில், கொசுவுக்கு நடுவில், மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். நான் மேலே அவருடைய சோபாவில் காலை நீட்டி நாடகம் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியிடம் திட்டும் வாங்கவைத்திருக்கிறேன். எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் நல்லது என்று இருந்தது. என் இடுப்புக்கு அதில் இறங்குவதும் சிரமம்தான்.

“நான் செய்யல மாப்பிள்ள.”

“என்ன மாமி?”

“எக்ஸர்சைஸ். முத நாளுக்கப்புறம் ஒண்ணுகூடச் செய்யல. எல்லாம் சும்மா டிக்கு. நீங்க சிகரெட் குடிக்கத்தான் போறீங்கன்னு நெனச்சேன். ஹனீன்கிட்டச் சொன்னதும் நான்தான்.”

அவர் கவிழ்த்த தம்ளரை எடுத்து மறுபடி கழுவினார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“கீழ லைன் சரியாக் கெடைக்காது மாமி” என்றார். அவ்வளவுதான். மேசைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தேக்காவில் அதே மேசைக்குப் போனேன். அண்ணன் தேநீர் சொல்லக் கையைத் தூக்கினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். முதல் நாள் எழ முடியாமல் கிடந்தது, பேனா மாற்றியது, ஊசி போட்டபின் நெய்ச்சோறு ஆக்கியது, நாடகம் பார்த்தது, எல்லாம். பக்கத்து மேசையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும்.

செல்லக்கண்ணு அண்ணனின் முகம் மெதுவாக மாறியது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“மூணு வாரம்” என்றார். “மூணு வாரமாச் செய்யல. எட்டாவது வாரம் தனியா நடந்தேன், பாத்தீங்கள்ல? இப்ப கக்கூசுக்குப் போக மகளைக் கூப்புடுறேன். உங்க தாளுக்குக் கீழ உக்காந்து என்னய நானே எவ்வளவு கேவலமா நெனச்சிருக்கேன் தெரியுமா?”

“தெரியும்ணே. அதனாலதான் வந்தேன்.”

“போங்க” என்றார். “போங்கம்மா. இப்ப எதுவும் பேசாதீங்க.”

போனேன். எஸ்கலேட்டர் வரைக்கும் அந்த இட்லிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

வைஷாலியிடம் சொன்னபோது அவள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள், திட்டவில்லை. எழுந்துபோய்ச் சுவரில் இருந்த என் தாளைப் பிய்த்தாள். டேப் ஒட்டியிருந்த இடத்தில் சுவரின் வண்ணமும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. “நான் என்னையே சந்தேகப்பட்டேன் ஆன்ட்டி” என்றாள். பிறகு சர்ஜனுக்கு எழுதினாள். ஆபரேஷன் தேதியை நிறுத்திவைத்தார்கள். முதலிலிருந்து மூன்று மாதம், இந்தத் தடவை உண்மையாக. அதற்கும் கேட்காவிட்டால் ஆபரேஷன் இருக்கவே இருக்கிறது. ஹனீன் என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாவது நாள் பேசினாள், என் காதில் விழவேண்டியது எல்லாம் விழுந்தது.

புதுத் தாளோடு முதல் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனேன். அண்ணன் வந்திருந்தார். மகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பேசவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. தாளைக் கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இருபத்தொரு கட்டத்தில் ஒன்பது டிக். மற்றது காலி. ஓரத்தில் காரணங்கள்: வலி. சோம்பல். மைமூன் வந்தாள். வெட்கம். வெட்கம். வியாழக்கிழமைக்கு நேரே கொஞ்சம் நீளமாக இருந்ததை வாய்விட்டே படித்தார்.

“எழ முடியவில்லை. கீழே ஃபோன் பண்ணி மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னேன்.” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “தூக்குனாரா?”

“தூக்குனாருண்ணே.”

“படுத்துச் செஞ்சதுனாலதானே மாட்டிக்கிட்டீங்க? அப்ப அதுக்கு டிக் போடலாமே.”

“பத்து தடவ செய்யணும்ணே. நான் ஆறுதான் செஞ்சேன்.”

அவர் அந்தக் காலிக் கட்டத்தை இன்னொரு முறை பார்த்தார்.

“அப்ப வேணாம்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பாயில் போய் மெதுவாகப் படுத்தார்.